டாக்டருக்கு யார் டாக்டர்? – வாசகர் கேள்வி பதில்

கொரோனா வார்டுகளில் வேலை பார்த்த மருத்துவர்கள், அந்தச் சமயத்தில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்கள் ஆகியோரின் மனநலம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். எழுதியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் ஊரை மட்டும் வைத்துக்கொண்டோம். மனநல மருத்துவர் ஒருவரும், மருத்துவக் கல்லூரியில் மாணவர் ஆலோசனைப் பிரிவைக் கவனிக்கும் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகன் 2021-ல் இரண்டாவது அலையின்போது அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக (எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் பயிற்சி மருத்துவராக) இருந்தான். இன்றைக்கும் ராத்திரியில் போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருகிறான். என் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாசலோடு நின்றுவிட்டான். என்ன ஏது என்று கேட்டால் எரிந்து விழுகிறான். நாளாக ஆகச் சரியாகிவிடுமா?
– ஒரு தாய், நாமக்கல்

அம்மா, இத்தனை வருடம் ஆகியும் போகாதது இனிமேல் தானாகப் போகும் என்று காத்திருக்க வேண்டாம். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

உங்கள் மகன் எந்த நிலையில் அந்தக் கொரோனா வார்டுக்குள் போனார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதுநிலை (பி.ஜி.) மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு 2021 ஏப்ரலில் நடக்க வேண்டியது. மே 3-ம் தேதி அதைக் குறைந்தது நான்கு மாதத்துக்குத் தள்ளிவைத்து, ஹவுஸ் சர்ஜன்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கொரோனா பணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. தேர்வு கடைசியில் செப்டம்பரில்தான் நடந்தது. புதிய பி.ஜி. மாணவர்கள் வராததால் இருந்தவர்கள் தலையில்தான் எல்லா வேலையும் விழுந்தது. அந்த மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். உள்ளே இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஐ.சி.யு. மானிட்டரில் ஒரு பீப் சத்தம் கேட்கும். நோயாளியின் ஆக்சிஜன் அளவு குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். டாக்டர் திரையைப் பார்க்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் அதைக் கேட்ட உடம்பு, வேறு எந்த மணி அடித்தாலும் அதே அவசரத்தோடு எழுந்துகொள்கிறது. உங்கள் மகன் தூக்கிவாரிப் போட்டு எழுவது கோழைத்தனம் இல்லை, உடம்பு கற்றுக்கொண்ட பாடம். அதோடு இன்னொன்றும் இருக்கும். படுக்கை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது, ஒரே ஒரு வென்டிலேட்டரை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது பக்கத்தில் நின்றது. தவறு செய்யாமலே குற்றவாளி போல உணர வைக்கும் இந்தக் காயம் பயத்தைவிட ஆழமாகப் போகும்.

திடுக்கிடுதல், அந்த இடத்தைத் தவிர்த்தல், எரிச்சல், கெட்ட கனவு, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால், பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனடாவில் 2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தபோது டொரன்டோ மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனித்த ஊழியர்களிடம், ஒன்று முதல் இரண்டு வருடம் கழித்தும் பணிச் சோர்வும் மன உளைச்சலும் மற்ற ஊர் ஊழியர்களைவிட அதிகமாக இருந்ததை ஆய்வு செய்து பதிவு செய்திருக்கிறார்கள்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் பேச்சுதான். அந்த நினைவுகளைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் உளவியல் சிகிச்சை, வாரம் ஒரு முறை, தலா 60 முதல் 90 நிமிடம், 8 முதல் 12 வாரம் வரை நடக்கும். தேவைப்பட்டால் மாத்திரையும் சேர்ப்பார்கள். பலர் மூன்றாவது, நான்காவது அமர்வோடு நின்றுவிடுகிறார்கள். மூடி வைத்ததைத் திறக்கும்போது முதல் சில வாரம் கனவுகள் கூடும், "இது வேலைக்கு ஆகாது" என்று தோன்றும். அது வரும் என்று முன்பே சொல்லி வைத்தால் நிற்க மாட்டார்கள்.

எப்படிப் பேச்செடுப்பது? எதிரில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் போகும்போதோ, காய் நறுக்கும்போதோ, முகம் பார்க்காமல் ஒரே ஒரு முறை, "அந்த வார்டுல எதுப்பா உன்ன இன்னும் விட மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பதில் அன்றைக்கே வராது. "டாக்டரே இப்படி இருந்தா எப்படி?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் தனக்குத்தானே தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

பர்ன்-அவுட் என்கிறார்கள், டிப்ரஷன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– மருத்துவ மாணவி, திருச்சி

இல்லை. பர்ன்-அவுட் வேலையோடு கட்டுண்டது. உள்ளம் வற்றிப்போதல், நோயாளியை "பெட் நம்பர் 14" என்று மட்டும் பார்க்கத் தொடங்குதல், நான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளம். உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்துகிறது. டிப்ரஷன் வீட்டுக்கும் கூடவே வரும். பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனீர்கள், அம்மா சமையலும் ருசிக்கவில்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது என்றால் அதை லீவு தீர்க்காது, சிகிச்சை வேண்டும். கவனிக்காமல் விட்ட பர்ன்-அவுட்டே டிப்ரஷனில் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

நான் பி.ஜி. இரண்டாம் ஆண்டு. நைட் ட்யூட்டி முடிந்து வந்தாலும் தூக்கம் வருவதில்லை. நண்பர் எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் என்ற தூக்க, பதற்ற மாத்திரையை 0.5 மில்லிகிராம் அளவில் மூன்று மாதமாகத் தினமும் போட்டுக்கொள்கிறேன். போடாவிட்டால் கை நடுங்குகிறது. எப்படி நிறுத்துவது?
– கோயம்புத்தூர்

முதலில் ஒன்று: இன்று ராத்திரி திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் தினமும் எடுத்தவர் சட்டென விட்டால் தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரும். கை நடுக்கம், மருந்துக்கு உடம்பு பழகிவிட்டது என்பதற்கான அறிகுறி.

வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை குறைப்பார்கள். உங்கள் அளவுக்கு, 0.25 மாத்திரையில் பாதி பாதியாக இறக்கினால் சுமார் எட்டு வாரம் பிடிக்கும். கடைசிப் படிதான் கடினம், அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். சிலருக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார்கள். இதை நீங்களே கணக்குப் போட்டுச் செய்யக் கூடாது, உங்கள் நண்பரும் செய்யக் கூடாது. உங்கள் கல்லூரியிலேயே பார்க்கத் தயக்கமாக இருந்தால் வேறு மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவரிடம் ஓ.பி. சீட்டு போட்டு, நோயாளியாகப் போய் உட்காருங்கள். தனக்குத் தானே மருந்து எழுதிக்கொள்வதுதான் டாக்டர்களுக்கு வரும் பெரிய ஆபத்து. அளவு கூடுவதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. இந்த எட்டு வாரமும் மது வேண்டவே வேண்டாம்.

இனி தூக்கம். நைட் ட்யூட்டியில் காபியை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். குடித்த காபியில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். நான்கு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்குப் படுக்கும்போது உங்களோடு படுக்கும். வார்டு அமைதியாக இருந்தால் 20 நிமிடம் அலாரம் வைத்துக் கண்ணயருங்கள், அரை மணிக்கு மேல் போக வேண்டாம். எழுந்து கால் மணி நேரம் ஆகும்வரை மருந்தின் அளவைக் கணக்குப் போடாதீர்கள், அந்த நேரத்தில் மூளை இன்னும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். காலையில் அறைக்குத் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் உடம்பு பொழுது விடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். ஜன்னலுக்கு அடர்த்தியான துணி கட்டுங்கள்.

நைட் ட்யூட்டி முடிந்ததும் வண்டி ஓட்டாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் கவனத்துக்குச் சமம் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பதே 0.03 சதவீதம்தான்.

ஒன்று மட்டும் உங்கள் தவறு இல்லை. ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு, அதாவது உங்களைப் போல் மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே படிப்பவர்களுக்கு, ஒரே மூச்சில் 12 மணி, வாரம் 48 மணி என்ற அளவை மத்திய அரசு 1992-லேயே வகுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்கிறது. அதே குழுவின் கணக்கெடுப்பில், பதில் சொன்ன பி.ஜி. மாணவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. உங்கள் தூக்கக் குறைவுக்கு மருந்து முதலில் ட்யூட்டி பட்டியலில் இருக்கிறது. அதைத் துறைத் தலைவரிடம் தனியாகக் கேட்காமல் பேட்ச்மேட் நான்கு பேராகச் சேர்ந்து, கடந்த மாதம் ஒவ்வொருவரும் பார்த்த மணிக்கணக்கைத் தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள். "கஷ்டமா இருக்கு சார்" என்பதைவிட அந்தக் காகிதம் பேசும்.

கொரோனாவால் முதல் வருடம் பெரும்பாலும் ஆன்லைனில்தான் படித்தேன். இப்போது ஹவுஸ் சர்ஜன். வென்ஃப்ளான் (சிரையில் மருந்து ஏற்ற வைக்கும் பிளாஸ்டிக் குழாய் ஊசி) போடப் போனாலே கை நடுங்குகிறது. "எனக்கு ஒன்றும் தெரியாது, மாட்டிக்கொள்வேன்" என்றே தோன்றுகிறது. சீனியர் ஒருவர் படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார்.
– மதுரை

தம்பி, இதில் பாதி பயம், பாதி பயிற்சிக் குறைவு. பயிற்சிக் குறைவைப் பயம் என்று நினைத்து மாத்திரை போட்டால் இரண்டும் அப்படியே இருக்கும். ஆஸ்துமா இருப்பவருக்கு ப்ரோப்ரனலால் ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும்.

வென்ஃப்ளானையே எடுத்துக்கொள்வோம். பதற்றத்தில் இருப்பவர் தவறுவது ஊசி உள்ளே போகும்போது இல்லை, ரத்தம் எட்டிப் பார்த்த பிறகுதான். ரத்தம் தெரிந்த சந்தோஷத்தில் அதே சாய்வில் இன்னும் தள்ளுவார், ஊசி சிரையின் பின்சுவரையும் துளைத்துவிடும், தோல் புடைக்கும். 15 முதல் 30 டிகிரி சாய்வில் போங்கள். ரத்தம் தெரிந்ததும் நின்று, சாய்வைத் தோலோடு ஒட்டத் தாழ்த்தி, இரண்டு மில்லிமீட்டர் முன்னே போய், ஊசியை அசைக்காமல் பிளாஸ்டிக் குழாயை மட்டும் நழுவ விடுங்கள். "நின்று, தாழ்த்தி, நழுவவிடு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கைக்கு வேலை கொடுக்கும் வார்த்தை இருந்தால் பயத்துக்கு இடம் குறையும். இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை குத்தாமல் ஸ்டாஃப் நர்ஸ் அக்காவைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். அவர்களைப் போல் கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது.

இப்படிப் பத்து வேலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாய்), கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), ஏ.பி.ஜி. (தமனியிலிருந்து ரத்தம் எடுக்கும் சோதனை), தையல் என்று. ஒவ்வொன்றும் எத்தனை முறை பார்த்தேன், எத்தனை முறை மேற்பார்வையில் செய்தேன், எத்தனை முறை தனியாகச் செய்தேன் என்று கட்டம் போடுங்கள். எண்ணிக்கை குறைவான இரண்டை எடுத்துப் போய் உதவிப் பேராசிரியரிடம் காட்டி, "சார், இது ரெண்டும் எங்க பேட்ச்ல விட்டுப்போச்சு" என்று கேளுங்கள். கேட்ட மாணவரைத் திட்டும் ஆசிரியர் குறைவு. உள்ளே போகுமுன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு மூச்சு போதும். இரண்டு மாதம் இதைச் செய்தும் தினமும் காலையில் வயிற்றைப் பிசைந்தால் கல்லூரியின் ‘மனம்’ அமைப்பை அணுகுங்கள். மனநல நல்லாதரவு மன்றம் என்ற இந்தத் திட்டத்தைத் தமிழக அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காகத்தான் தொடங்கியது.

மனநல மருத்துவரைப் பார்த்தால் ரெக்கார்டில் ஏறி, என் மருத்துவர் பதிவுக்கே (லைசென்ஸுக்கே) ஆபத்து வருமா?
– சேலம்

வராது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. சிகிச்சை எடுத்தார் என்பதற்காகவே யாருடைய பதிவும் போகாது. நோயை மறைத்து வேலை பார்த்து அதனால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால்தான் பிரச்சினை. உங்கள் பயம் உலகம் முழுவதும் இருப்பதுதான். நியூயார்க்கின் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் லோர்னா ப்ரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, உதவி கேட்டால் லைசென்ஸ் போய்விடும் என்ற அச்சத்தைப் பற்றி அவருடைய குடும்பத்தினர் வெளிப்படையாகப் பேசினார்கள். மருத்துவப் பணியாளர் மனநலத்துக்காக 2022-ல் அவர் பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது.

துறைத் தலைவராக இருக்கிறேன். இன்னொரு தொற்று வந்தால் ட்யூட்டியை எப்படி அமைத்தால் என் பிள்ளைகள் உடைந்துபோக மாட்டார்கள்?
– தஞ்சாவூர்

இந்தக் கேள்வியை இப்போதே கேட்டதற்கு நன்றி. தொற்று வந்த பிறகு கேட்டால் யோசிக்க நேரம் இருக்காது.

ஆள் கணக்கில் தொடங்குங்கள். முழுக் கவச உடையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்த வேண்டாம். தண்ணீர் இல்லை, கழிவறை இல்லை, கோடை வேறு. ஆறு மணி ஷிப்ட் என்றால் ஒரு இடத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு பேர். வார விடுப்புக்கு ஒருவர், காய்ச்சலில் படுப்பவருக்கு மாற்றாக ஒருவர், ஆக ஆறு பேர். பத்து இடம் என்றால் அறுபது பேர். அத்தனை பேர் இல்லையென்றால் ஓய்வைக் குறைக்காதீர்கள், அவசரமில்லாத ஓ.பி., அறுவை சிகிச்சைகளைக் குறைத்து ஆட்களை எடுங்கள். ஓய்வைக் குறைத்து ஓட்டினால் மூன்றாவது வாரத்தில் ஆளும் போய்விடுவார்கள், ஓய்வும் போய்விடும்.

சீனியர் ஒருவர், ஜூனியர் ஒருவர் என்று ஜோடி போட்டு இரண்டு வாரத்துக்கு அதே ஜோடியை வையுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். கவச உடையைக் கழற்றும் அறையில் இந்த ஜோடி மிகவும் முக்கியம். உடையைப் போடும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். தொற்று ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆறு மணி நேரம் வியர்த்துக் களைத்துப்போய்க் கழற்றும்போது. ஒருவர் படிகளைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் செய்ய வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கை சுத்தம். என்95 முகக்கவசத்தைக் கடைசியாக, கீழ்ப் பட்டை முதலில், மேல் பட்டை அடுத்து, முன்பக்கத்தைத் தொடாமல். வெளியே வந்ததும் உட்கார நாற்காலியும், ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீரும் தயாராக இருக்கட்டும். "ஒழுங்காகத்தான் கழற்றினேனா? வீட்டில் குழந்தைக்குக் கொடுத்துவிடுவேனோ?" என்று ராத்திரி முழுக்க ஓடும் எண்ணம் இந்த ஒரு ஏற்பாட்டால் பெருமளவு அடங்கும்.

இறப்புச் செய்தியை ஹவுஸ் சர்ஜன் தனியாகப் போனில் சொல்லும்படி விடாதீர்கள். அந்த இளம் மருத்துவர்கள் பலரை இன்றும் துரத்துவது அந்தப் போன்கள்தான். சீனியர் பேசட்டும், ஜூனியர் உடன் இருக்கட்டும். "நிலைமை மோசம்" என்று சுற்றி வளைக்காமல் "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே சொல்ல வேண்டும், பிறகு மௌனமாகக் காத்திருக்க வேண்டும். தினமும் மாலை நான்கு மணிக்கு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு போன் போனாலே வார்டு வாசல் சண்டைகள் பெரிதும் குறையும்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கான விலக்கைக் கூட்டத்தில் கேட்காதீர்கள், மூடிய கவரில் வாங்குங்கள். மாணவர்களை எடுத்தால், எதைச் செய்வார்கள், எதைச் செய்ய மாட்டார்கள் என்று எழுத்தில் கொடுங்கள்.

துயரமான சம்பவத்துக்குப் பின் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து "மனதில் இருப்பதைக் கொட்டுங்கள்" என்று கட்டாயப்படுத்தும் ஒற்றை அமர்வு வேண்டாம். அதில் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஷிப்ட் முடிவில் பத்து நிமிடம் போதும்: இன்று எது கடினமாக இருந்தது, யார் எப்படி வீடு போகிறீர்கள், சாப்பிட்டீர்களா? இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பி.எச்.க்யூ-9 என்ற டிப்ரஷன் கேள்வித் தாளைக் கொடுங்கள். ஒன்பது கேள்வி, ஐந்து நிமிடம். மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் பேச வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும். தாள் மனநலத் துறைக்குப் போகட்டும், உங்கள் மேஜைக்கு வேண்டாம். மதிப்பெண் போடும் கை அதைப் பார்க்கும் என்று தெரிந்தால் எல்லோரும் பூஜ்யம்தான் எழுதுவார்கள்.

இன்னொன்று, ஓய்வு நாளில் யோகா வகுப்பு, ஊக்க உரை என்று கட்டாயமாகக் கூப்பிடாதீர்கள். ஓய்வு ஓய்வாகவே இருக்கட்டும்.

கை தட்டினோம், விளக்கேற்றினோம். டாக்டர்களுக்கு அது உதவியதா?
– காஞ்சிபுரம்

பலருக்கு அன்று கண் கலங்கியது உண்மை. 2020 மார்ச் 22-ல் கை தட்டினோம், ஏப்ரல் 5-ல் விளக்கேற்றினோம். அதே ஏப்ரல் 19-ல் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவரே மண்வெட்டி எடுத்துக் குழி மூட வேண்டியதாயிற்று. நமக்கும் இதுதானா என்ற பயம் அன்று ஒவ்வொரு கொரோனா வார்டிலும் இருந்தது. மூன்று நாளில், ஏப்ரல் 22-ல், மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்தாண்டு வரை, கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை சிறை என்ற அவசரச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2008-லிருந்தே மருத்துவமனை வன்முறைக்கு எதிரான தனிச் சட்டம் இருக்கிறது, அது இப்போதும் செல்லும். உங்களால் முடிந்த உதவி மூன்று: வாடகை வீட்டை விட்டுக் காலி செய்யச் சொல்லாதீர்கள், வார்டு வாசலில் கத்துபவரை உறவினரான நீங்களே அமைதிப்படுத்துங்கள், ட்யூட்டியில் இருக்கும் டாக்டரை அனுமதி இல்லாமல் போனில் படம் எடுக்காதீர்கள்.

என் மனைவி மயக்க மருந்து நிபுணர். சில வாரமாக "பேசாமப் போய்ச் சேர்ந்துடலாம்னு இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பதில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.
– திருநெல்வேலி

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. இன்று ராத்திரியே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அது வராது. சொல்ல ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வரும். "ஆமாம்" என்றால் அடுத்து "எப்படின்னு யோசிச்சியா?" என்று கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் அவசரம். தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அறிவுரை, குழந்தை முகத்தைப் பார் என்ற கெஞ்சல், வாக்குறுதி வாங்குவது எதுவும் வேண்டாம். கேட்டுக்கொண்டே பக்கத்தில் இருங்கள்.

மருத்துவர்களுக்கு மருந்து எட்டும் தூரத்தில் இருப்பதால் மற்றவர்களைவிட ஆபத்து அதிகம். வீட்டில் இருக்கும் மருந்துகளை எல்லாம் நீங்கள் எடுத்து உறவினர் வீட்டில் வையுங்கள். சில நாள் அவர் ஆபரேஷன் தியேட்டர் பணிக்குப் போகாமல் விடுப்பு எடுக்கட்டும். அவரே நம்பும் ஒரு தோழிக்கு, அவரிடம் கேட்டுக்கொண்டு, விஷயத்தைச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கான சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று மருத்துவக் குடும்பங்களே மறைப்பதைப் பார்க்கிறோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

மருந்து தொடங்கினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். டாக்டர் என்பதால் தானே அளவை மாற்றிக்கொள்ளப் பார்ப்பார், மாத்திரையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். முதல் ஆலோசனைக்கு நீங்களும் கூடப் போங்கள். உள்ளே முதல் பத்து நிமிடம் அவரைத் தனியாகப் பேச விட்டு, கூப்பிட்டதும் போய் உட்காருங்கள்.